அஸ்வெசும கணக்கோடு நின்றுவிடலாமா?

2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தபோது, கொடுப்பனவு நேரடியாக வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. அதற்காகவே கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எங்கும் வங்கி வாசலை மிதித்திராத பலர் கணக்குத் திறந்தார்கள். நல்ல விடயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நான் காண்பது, பணம் வந்த கையோடு அது முழுவதும் எடுக்கப்படுவதைத்தான். கணக்கு இருக்கிறது, வங்கியோடு கொடுக்கல் வாங்கல் இல்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. கடலுக்குப் போகும் குடும்பத்துக்கும் தறியில் நெய்யும் குடும்பத்துக்கும் சம்பளப் பட்டியல் கிடையாது. கடன் கேட்டுப் போனால் வங்கி அதைத்தான் கேட்கிறது, இல்லையென்றால் பிணையாளிகளைக் கேட்கிறது. அடுத்தது வட்டி. மார்க்கம் தடுத்தது என்று வங்கியை விட்டு ஒதுங்கியவர்களே, அவசரத்துக்கு வீடு தேடி வரும் நுண்நிதிக் கடனை எடுத்து, வாராவாரம் அதைவிடக் கூடிய வட்டி கட்டுகிறார்கள். அந்தச் சுமை எவ்வளவு என்பதற்கு ஓர் அடையாளம்: 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

வட்டிப் பிரச்சினைக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் வட்டியில்லா வங்கி முறைக்கு இடமளித்தது. 2011 முதல் அமானா வங்கி முழுமையாக இம்முறையில் இயங்குகிறது. வேறு சில வங்கிகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. முழாறபா சேமிப்பில் வட்டிக்குப் பதிலாக இலாபத்தில் பங்கு. முறாபஹாவில் வங்கி காசு தருவதில்லை. உங்களுக்குத் தேவையான நூலையோ வலையையோ தானே வாங்கி, இலாபம் சேர்த்த விலைக்குத் தவணையில் விற்கிறது. அந்த விலை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் அங்கேயும் ஆவணம் கேட்பார்கள். ஆகவே சிறு தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நூல் வாங்கிய, துணி விற்ற கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விற்ற காசில் ஒரு பகுதியையாவது கணக்கினூடாகவே எடுங்கள், போடுங்கள். ஆறு மாதத்துக் கொடுக்கல் வாங்கல், சம்பளப் பட்டியல் இல்லாதவருக்கு ஒரு சாட்சி. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற வங்கிகளில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சீட்டுப் பிடிப்பவர் தலைமறைவானால் அந்தக் காப்பு இல்லை.

வங்கிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அஸ்வெசும பெறும் பெண்ணைக் கொடுப்பனவு நாளில் வரிசையில் நிற்பவராக மட்டும் பார்க்காதீர்கள். அவர் உங்கள் வாடிக்கையாளர்.