சாயத் தொட்டியும் உரக் கிடங்கும்

சாயப் பட்டறையிலும் வயலிலும் உழைக்கும் நம் அங்கத்தினர்கள் நாள்தோறும் இரசாயன மாறுதல்களைக் கையாண்டு வருகின்றனர். பாடப் புத்தகங்கள் இவற்றை இனம் பிரித்துப் பெயரிடுகின்றன. எப்பொருளை எதன் அருகே வைக்கலாகாது என்பதை அறிய இப்பிரிவினை உதவுவதால், அதை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், இது சிதைவு. அதன்மீது நீர் ஊற்றினால் கொதித்து நீறும், இது சேர்க்கை. இவற்றை யாவரும் அறிவர்.

அவுரி நீலத்தின் செய்கையே விசேஷமானது. நீலம் நீரில் கரையாது. கரையாத பொருள் இழையினுள் புகுவது எங்ஙனம்? காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் இட்ட தொட்டியில் அது ஒடுக்கம் என்னும் மாறுதலை அடைந்து, மஞ்சட்பச்சைக் கரைசலாகிறது. நனைந்த சிட்டத்தைப் பிழிந்து காற்றில் உதறினால், பிராணவாயு பட்டுப் பச்சை நீலமாகத் திரும்புகிறது. இது ஆக்ஸிகரணம். மீண்டும் கரையாப் பொருளாகிய நீலம் இழைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஜெர்மனியில் 1897-ல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்த பின்னரும் இச்செய்கை மாறவில்லை. செடி நீலமும் ஆலை நீலமும் தொட்டிக்குள் ஒன்றே.

அந்த ஹைட்ரோஸ் டப்பாவில் ஈரம் புகுந்தால், தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஈரக் கையால் அதை அள்ளலாகாது.

சலவைத் தூளோடு திராவகம் சேர்ந்தால் கிளம்புவது குளோரின். 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்களைக் கொன்ற வாயு இதுவே. வெளுத்த நூலை நன்கு அலசிய பின்னரே திராவகத் தொட்டியில் இடுதல் வேண்டும். சில பட்டறைகளில் தூள் மூட்டையும் திராவக ஜாடியும் ஒரே மூலையில் நெருங்கி நிற்கக் காண்கிறோம். இடம் போதவில்லை என்னும் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

விவசாய அங்கத்தினர்க்கும் ஒரு சொல். அமோனியம் சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கலந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். வலிய காரமாகிய சுண்ணாம்பு, மெலிய காரமாகிய அமோனியாவை அதன் இடத்தினின்றும் துரத்துகிறது, இது இடப்பெயர்ச்சி. அவ்வுரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு தழைச்சத்து. காசு கொடுத்து வாங்கிய அச்சத்தே நெடியாய்க் காற்றில் போகிறது. புளிப்பு நிலத்தைத் திருத்துவோர் முதல் உழவிலேயே சுண்ணாம்பை இட்டு, சில வாரங்கள் சென்றபின் உரத்தை இடுவாராக. கிடங்கில் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சுவராவது இருத்தல் வேண்டும்.