அசல் பால்கோவா எது? புவிசார் குறியீடு சொல்வதும் சொல்லாததும்

திருச்சியிலிருந்து தெற்கே ரயில் ஏறும் சாப்பாட்டுப் பிரியருக்கு டைம் டேபிள்தான் மெனு கார்டு. மணப்பாறை வந்தால் முறுக்கு. திண்டுக்கல்லில் இறங்கி மேற்கே போனால் பழனி பஞ்சாமிர்தம். மதுரையில் வெயிலுக்கு ஒரு டம்ளர் ஜிகர்தண்டா. விருதுநகரில் தென்காசி பாதைக்கு மாறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. மாறாமல் நேராகப் போனால் கோவில்பட்டி கடலை மிட்டாய். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ருசி, ஒவ்வொரு ருசிக்கும் ஒரு பை.

இதெல்லாம் அந்தந்த ஊருக்குப் போனால்தான் கிடைக்கும் என்ற காலம் மலையேறிவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் டீ குடிக்க பஸ் நிற்கும் கடையிலேயே முறுக்கும் பால்கோவாவும் கடலை மிட்டாயும் வரிசையாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றிலும் ஊர்ப் பெயர், பாதிக்கு மேல் ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம் இருக்கும். அப்போ எது உண்மையிலேயே அந்த ஊர் சரக்கு?

சட்டத்தில் இதற்கு ஒரு பதில் உண்டு. அதன் பெயர் புவிசார் குறியீடு. அடிக்கடி செய்தியில் அடிபடும் வார்த்தைதான். ஆனால் கடையில் நின்று பாக்கெட்டைக் கையில் எடுக்கும்போது அது நமக்கு எந்த அளவுக்கு உதவும்? விரிவாகப் பார்க்கலாம்.

புவிசார் குறியீடு என்றால் என்ன?

ஒரு பொருளின் தரம், புகழ் அல்லது வேறு ஏதாவது ஒரு தனித்தன்மை அது உருவாகும் இடத்தோடு பின்னிப் பிணைந்திருந்தால், அந்தப் பெயருக்குச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்புதான் புவிசார் குறியீடு. இதற்கான சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. நாடு முழுமைக்கும் பதிவு செய்யும் அலுவலகம் நம்ம சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது.

டிரேட்மார்க்கும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. டிரேட்மார்க் ஒரு கம்பெனியின் சொத்து. விற்கலாம், வாடகைக்கு விடுவது போல மற்றவர்களுக்கு உரிமம் கொடுக்கலாம். புவிசார் குறியீட்டை விற்கவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. அது ஊருக்குப் பொதுவான பெயர். அந்த ஊரில், சொல்லப்பட்ட முறையில் அந்தப் பொருளைச் செய்பவர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

நம்ம ஊர் தின்பண்டங்களில் எவையெல்லாம் பட்டியலில் உள்ளன?

பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019-ல் இந்தக் குறியீட்டைப் பெற்றன. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதங்களில் முதலில் வாங்கியது பழனிதான். 2020 ஏப்ரலில் கோவில்பட்டி கடலை மிட்டாய் சேர்ந்தது. 2023-ல் மணப்பாறை முறுக்கும் ஊட்டி வர்க்கியும் வந்தன. வர்க்கியைத் தொட்டுக்கொள்ள டீ வேண்டுமே? நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலையும் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. பஞ்சாமிர்தத்துக்குப் போடும் விருப்பாச்சி மலை வாழைப்பழத்துக்கும் சிறுமலை வாழைப்பழத்துக்கும் தனித்தனியே குறியீடு இருக்கிறது. அதாவது, குறியீடு பெற்ற பழத்தில் செய்யும் குறியீடு பெற்ற பிரசாதம்!

ஊருக்கும் ருசிக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?

‘அந்த ஊர் தண்ணி அப்படி’ என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பெருமைப் பேச்சு என்று தோன்றலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது இதைத்தான் விளக்கிக் காட்ட வேண்டும்.

கோவில்பட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் கரிசல் மண், மானாவாரி நிலக்கடலை. அதோடு வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் சேர்கின்றன. கடலையை வறுத்து, தோல் நீக்கி, உடைத்து, வெல்லப்பாகில் கொட்டிக் கிளறிப் பரப்புகிறார்கள். மேலே கலர் தேங்காய்த் துருவல் தூவுவதுகூட அதன் அடையாளங்களில் ஒன்று. இதில் சூட்சுமம் பாகுப் பதம்தான். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கெட்டியாகி, எடுத்து உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரணும். பதம் கொஞ்சம் முன்னே இருந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும். தாண்டிவிட்டால் கசக்கும்.

மணப்பாறை முறுக்குக்கு அந்த ஊர் நிலத்தடி நீரின் லேசான உப்புத்தன்மைதான் காரணம் என்று செய்பவர்கள் சொல்கிறார்கள். பழனியில் வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய் ஆகிய ஐந்தும் அடிப்படை. பேரீச்சையும் கற்கண்டும் கூடச் சேர்ப்பது உண்டு. தண்ணீர் விடுவதே இல்லை. மலை வாழைப்பழத்தில் ஈரப்பதம் குறைவு என்பதால்தான் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாமல் கெட்டியாக நிற்கிறது. சாதாரணப் பழத்தைப் போட்டால் அந்தப் பதம் வராது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலும் சர்க்கரையும் மட்டும்தான். அகலமான வாணலியில் கைவிடாமல் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைப்பதுதான் வேலை. பாலில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிவதால்தான் அந்த இளம்பழுப்பு நிறமும் மணமும் வருகின்றன. கலர் பொடியோ எசன்ஸோ தேவையே இல்லை.

யார் விண்ணப்பிக்கலாம்? யாருக்கு உரிமை?

தனி ஆள் தன் கடைக்கென்று வாங்க முடியாது. உற்பத்தியாளர்கள் சங்கம், அமைப்பு அல்லது அரசு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் உற்பத்தியாளர்கள் சங்கமும் பழனியில் கோயில் நிர்வாகமும் விண்ணப்பித்தன.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். ஊருக்குக் குறியீடு வந்துவிட்டதால் ஊரில் உள்ள எல்லாக் கடைக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளாது. தயாரிப்பாளர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவு செய்தவருக்குத்தான் குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமையும், போலி மீது வழக்குப் போடும் உரிமையும் கிடைக்கும்.

வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி முறுக்கு சுடும் அம்மாவுக்கு ஃபாரம், கட்டணம், அலுவலகம் என்று அலைய நேரம் ஏது? அவர் சுடும் முறுக்கு நூறு சதவீதம் மணப்பாறை முறுக்குதான். ஆனால் பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் பலன் அவர் கைக்கு வராது. சங்கம் முன்னின்று தன் உறுப்பினர்களைப் பதிவு செய்ய வைத்தால் மட்டுமே இந்த இடைவெளி குறையும்.

ரசகுல்லா யாருடையது? மேற்கு வங்கமா, ஒடிசாவா?

புவிசார் குறியீடு பற்றிப் பேசினால் இந்தக் கதை இல்லாமல் முடியாது. ரசகுல்லா எங்கள் கண்டுபிடிப்பு என்று இரண்டு மாநிலங்களும் வரிந்துகட்டின. 2017 நவம்பரில் ‘பங்ளார் ரசகுல்லா’ பதிவானது. ஒடிசா தோற்றுவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். 2019 ஜூலையில் ‘ஒடிசா ரசகுல்லா’வும் பதிவானது!

இரண்டுக்கும் எப்படிக் கிடைத்தது? பதிவகம் இனிப்பை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. வங்கத்து ரசகுல்லாவின் நிறமும் பதமும் வேறு, ஒடிசாவினுடையது வேறு. இரண்டும் தனித்தனிப் பொருள்கள், தனித்தனிப் பெயர்கள். இந்தக் குறியீடு காப்பாற்றுவது பெயரைத்தான், ரெசிபியை அல்ல. உங்கள் வீட்டில் நீங்கள் பால்கோவா கிண்டலாம், கடை போட்டும் விற்கலாம். அதை ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று சொல்லி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சென்னைக் கடையில் விற்றால் அது போலியா?

அவசியம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்த பால்கோவாவைக் கொண்டுவந்து சென்னையில் விற்றாலும், டெல்லியில் விற்றாலும் அது அசல்தான். செய்த இடம்தான் கணக்கு, விற்கும் இடம் இல்லை. வேறு ஊரில் கிண்டிவிட்டு அந்தப் பெயரை ஒட்டி மக்களை நம்பவைத்தால்தான் விதிமீறல்.

பொய்யான குறியீட்டைப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் சோதனை செய்து பறிமுதல் செய்ய முடியும். அதற்கு முன் பதிவாளரின் கருத்தையும் கேட்க வேண்டும். சிவில் வழக்கு என்றால் செலவும் அலைச்சலும் உண்டு. கிலோவுக்குச் சில ரூபாய் லாபம் பார்க்கும் சின்னத் தயாரிப்பாளர், எங்கோ ஒரு ஹைவே கடையின் மீது வழக்குப் போட்டு அலைவது நடைமுறையில் எளிதல்ல.

குறியீடு இருந்தால் ருசி கேரண்டியா?

கேரண்டி இல்லை. அது பிறப்பிடத்துக்கான சான்று. இன்று காலை செய்ததா, போன மாதம் செய்ததா, எண்ணெய் நல்லதா என்பதெல்லாம் அதில் வராது. அதையெல்லாம் பார்ப்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வேலை. ஒரே தெருவில் இரண்டு கடையில் வாங்கினாலும் கைப்பக்குவம் மாறும். அந்தத் தேடல்தானே சாப்பாட்டுப் பிரியர்களுக்கு மிச்சமிருக்கும் சந்தோஷம்!

அப்போ, வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

முதலில் முகவரி. பாக்கெட்டின் முன்பக்கம் இருக்கும் பெரிய எழுத்தை விடுங்க. பின்பக்கம் தயாரிப்பாளர் முகவரி எந்த ஊர் என்று பாருங்க. பெயரில் கோவில்பட்டி இருந்து, முகவரியில் அந்தப் பகுதியே இல்லை என்றால் யோசிக்க வேண்டிய இடம் அது.

இரண்டாவது, எஃப்எஸ்எஸ்ஏஐ எண். 14 இலக்கங்களில் இருக்கும். கூடவே தயாரித்த தேதியும் எத்தனை நாள் வரை சாப்பிடலாம் என்பதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மூலப்பொருள் பட்டியல். எது அதிக எடையோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. பால்கோவாவில் பாலுக்கு முன்னால் சர்க்கரை இருந்தாலோ, மைதா, வனஸ்பதி என்று பட்டியல் நீண்டாலோ விஷயம் புரிந்துவிடும்.

நான்காவது, ஒரு சின்னக் கணக்கு. பசும்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். பத்து லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் மிஞ்சும் திடப்பொருள் ஒன்றேகால் கிலோ சொச்சம்தான். சர்க்கரையும் மிச்ச ஈரமும் சேர்ந்தாலும் ஒரு கிலோ பால்கோவாவுக்கு மூன்று லிட்டர் அளவுக்குப் பால் வேண்டும். விறகு, கூலி, பாக்கெட் செலவு எல்லாம் தனி. மூன்று லிட்டர் பால் விலையைவிடக் குறைவாக ஒரு கிலோ பால்கோவா கிடைக்கிறது என்றால், அதில் பாலைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

ஐந்தாவது, லோகோ. குறியீடு பெற்ற பொருட்களுக்கான பொது லோகோவை மத்திய அரசு 2018-ல் வெளியிட்டது. இருந்தால் நல்லது. ஆனால் லோகோ இல்லாததாலேயே ஒரு பாக்கெட்டைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். மேலே சொன்ன மாதிரி, பதிவு செய்யாத அசல் தயாரிப்பாளர்களும் இருக்கலாம்.

ஊர்ப் பெயருக்கு மதிப்பு இருப்பதால்தான் அதைத் திருடுகிறார்கள். ஒவ்வொரு போலி பாக்கெட்டும் கோவில்பட்டியில் பாகு காய்ச்சுபவரின், ஸ்ரீவில்லிபுத்தூரில் வாணலி கிண்டுபவரின் ஒரு விற்பனையைக் குறைக்கிறது. அதோடு நிற்பதில்லை. போலியைச் சாப்பிட்டவர், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னா இவ்வளவுதானா?’ என்று நினைத்துவிடுகிறார். அதன் பிறகு அசல் கையில் கிடைத்தாலும் கூடுதல் காசு கொடுக்க மனசு வராது. இந்த இழப்பை எந்த அபராதமும் ஈடுகட்டாது. பின்பக்க முகவரியைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.