‘தங்கப்பதக்கம்’, ‘சக்தி’ திரைப்படங்கள்: பார்வையாளர் கருத்து வேறுபாடும் அழுகை மெய்ப்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

காவல்துறைத் தந்தைக்கும் குற்றவாளி மகனுக்கும் இடையிலான மோதலைச் சொல்லும் ‘தங்கப்பதக்கம்’ (1974), ‘சக்தி’ (1982) ஆகிய படங்களைக் கண்டோர், நியாயம் யார் பக்கம் என்பதில் ஒன்றுபடுவதில்லை. இவ்வேறுபாட்டை அறம் பற்றிய கொள்கை வேறுபாடாகக் கொள்வதைவிட, கண்ணீர் எந்த நிலைக்களனிலிருந்து பிறந்தது என்பதன் வேறுபாடாகக் கொள்வதே பொருந்தும் என்பதை இக்கட்டுரை தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அழுகை, இளிவு, இழவு, பார்வையாளர், தந்தை – மகன், மனுநீதிச் சோழன்

திரைப்படம் பற்றிய பார்வையாளர் கருத்துகள் ஆய்வேடுகளில் பெரும்பாலும் பின்னிணைப்பாகவே இடம்பெறுகின்றன. வினாப்பட்டியல், விழுக்காடு, ஒரு வட்ட வரைபடம் என்ற அளவில் அவற்றின் பணி முடிந்துவிடுகிறது. ‘தந்தை செய்தது சரி’ என்று இத்தனை பேர், ‘மகன்மீது இரக்கம் கொண்டோம்’ என்று இத்தனை பேர் எனக் கணக்கிட்டபின், அவ்விரு விடைகளும் ஒரே வினாவிற்கு உரியனதாமா என்பதை ஆய்வாளர் பெரிதும் கேட்பதில்லை. தந்தையும் மகனும் சட்டத்தின் இருபுறமும் நிற்கும் குற்றவியல் கதைகளில் இக்குறை நன்கு வெளிப்படும். தந்தையை ஏற்பவரே மகனுக்காகவும் அழுகிறார். அவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

காண்போரை மையமாகக் கொண்ட சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. நடிப்போன் உய்த்துணர்ந்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாள்கிறார். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நில்லாமல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காகக் கூறுகிறார். அழுகைக்குரியன இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்பட்டு எளியனாவது இளிவு. உற்றாரையும் உரியவற்றையும் இழப்பது இழவு. வெளியே தோன்றும் கண்ணீர் ஒன்றே ஆயினும் அதன் ஊற்று வேறு என்னும் இந்நுட்பம் மேற்குறித்த வினாவிற்கு நேராகப் பயன்படுகிறது.

தங்கப்பதக்கம்: இழவின் கதை

மேடை நாடகமாகப் புகழ்பெற்றுப் பின்னர்த் திரைக்கு வந்தது ‘தங்கப்பதக்கம்’. எழுதியவர் மகேந்திரன், இயக்கியவர் பி. மாதவன். காவல்துறைக் கண்காணிப்பாளர் சௌத்ரியாகச் சிவாஜி கணேசனும், அவர் மனைவியாகக் கே.ஆர். விஜயாவும், மகன் ஜெகனாக ஸ்ரீகாந்தும் நடித்தனர். கண்டிப்பு மிக்க தந்தையிடமிருந்து இளமையிலேயே விலகிப்போன மகன், வஞ்சம் நிறைந்தவனாக வளர்கிறான். மனைவியை இழந்த சௌத்ரி, இறுதியில் மகனையும் தம் கையாலேயே சுட்டு வீழ்த்துகிறார். அரசு அவருக்குப் பதக்கம் அளிக்கிறது.

இப்படத்தைப் பற்றிப் பேசுவோர் மிகுதியும் தந்தையின் இழப்பையே பேசுகின்றனர். ‘எல்லாவற்றையும் இழந்து ஒரு பதக்கத்தைப் பெற்றார்’ என்பது இப்படம் குறித்துப் பலரும் வெவ்வேறு சொற்களில் கூறும் கருத்து. இது இழவு பற்றி வந்த அழுகை. அதனோடு பெருமிதமும் கலந்திருக்கிறது. பெருமிதத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறும் கல்வி, தறுகண், புகழ்மை, கொடை ஆகிய நான்கனுள் தறுகண்ணும் புகழ்மையும் சௌத்ரிக்கு வெளிப்படையாகவே பொருந்தும். துன்பமும் பெருமையும் ஒரே பாத்திரத்தில் குவிவதால் பார்வையாளரின் உள்ளம் பிளவுபடுவதில்லை. மகனுக்கும் ஒரு குறை உண்டு என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆயினும் அக்குறை மகனின் பக்கம் நின்று காட்டப்படுவது மிகக் குறைவு. நடிகர் தேர்வும் இதற்குத் துணைநின்றது. 1974இல் சிவாஜியின் எதிரே ஸ்ரீகாந்த் நிற்கும்போது, திரையரங்கின் இரக்கம் எப்பக்கம் சாயும் என்பது படம் தொடங்குமுன்பே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

இம்முடிவிற்கு இன்னொரு பின்புலமும் உண்டு. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் கூறும் ‘எதிர்பார்ப்பின் அடிவானம்’ தமிழ்ப் பார்வையாளரிடத்து மனுநீதிச் சோழன் கதையால் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி அதனைச் சுட்டுகிறாள். பெரியபுராணம் திருவாரூரின் சிறப்புக் கூறுமிடத்து விரித்துரைக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அது சிலையாகவும் நிற்கிறது. மகனைத் தண்டித்த தந்தை நீதியின் உருவம் என்னும் அச்சு பள்ளிப் பாடத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது.

ஆயினும் பெரியபுராணத்தைக் கூர்ந்து நோக்கினால் ஒப்புமை இடறுகிறது. சேக்கிழாரின் அரசிளங்குமரன் குற்றம் கருதியவன் அல்லன். கன்று தானே துள்ளித் தேர்க்காலில் அகப்பட்டது. அவன் வருந்துகிறான், தந்தை அறியுமுன் கழுவாய் தேட விழைகிறான். தண்டனையை நிறைவேற்றுமாறு பணிக்கப்பட்ட அமைச்சர் தம் உயிரையே விட்டுவிட, அரசனே தேரைச் செலுத்துகிறான். இறுதியில் இறைவன் எழுந்தருளி, இறந்தோரை உயிர்ப்பிக்கிறான். திரைப்படமோ இரு மாற்றங்களைச் செய்கிறது. மகனைக் குற்றவாளியாக்கித் தந்தையின் செயலுக்கு ஐயமற்ற நியாயத்தை வழங்குகிறது. இறையருளின் இடத்தில் அரசின் பதக்கத்தை வைக்கிறது. உயிர் திரும்புவதில்லை. பழைய கதையின் ஆறுதலைப் புதிய கதை தர இயலாமற்போவதே இப்படத்தின் இழவை ஆழமாக்குகிறது. படத்தை வெறும் கடமைப் பிரசாரம் என ஒதுக்கும் விமரிசனங்கள் இவ்விடத்தைக் காணத் தவறிவிடுகின்றன.

சக்தி: செவியில் விழுந்த இளிவு

‘தங்கப்பதக்க’த்தின் தாக்கத்தில் உருவானதாகப் பரவலாகக் கருதப்படும் இந்திப்படம் ‘சக்தி’. சலீம்–ஜாவேத் எழுத, ரமேஷ் சிப்பி இயக்கினார். காவல் அதிகாரி அஷ்வினி குமாராகத் திலீப் குமாரும், மகன் விஜயாக அமிதாப் பச்சனும் நடித்தனர். தழுவலும் ஒருவகைப் பார்வையாளர் கருத்தே. மூலக்கதையைக் கண்ட ஒருவர் அதில் எதனைக் குறையாக உணர்ந்தார் என்பதற்குத் தழுவல் சான்றாக நிற்கிறது. இங்குக் குறையாக உணரப்பட்டது மகனின் பக்கம் என்பதை ஒரே காட்சி காட்டிவிடுகிறது.

சிறுவன் விஜயைக் கடத்தியவர்கள், தங்கள் ஆளை விடுவிக்குமாறு தொலைபேசியில் தந்தையிடம் பேரம் பேசுகின்றனர். மகனைக் கொன்றாலும் கடமையிலிருந்து வழுவேன் எனத் தந்தை மறுக்கிறார். அம்மறுப்பைச் சிறுவன் கேட்டுவிடுகிறான். மகனை மீட்கத் தந்தை படும் பாடு பார்வையாளருக்குத் தெரியும்; சிறுவனுக்குத் தெரியாது. அவன் அறிந்தது தன் உயிருக்குத் தந்தை இட்ட மதிப்பை மட்டுமே. இழப்பு எதுவும் நேராமலே, இகழப்பட்டோம் என்ற உணர்வு அவனுள் வேரூன்றுகிறது. மெய்ப்பாட்டியல் இளிவு என்று கூறுவது இதனையே.

‘சக்தி’யைப் பற்றிய கருத்துகள் இவ்விடத்தில்தான் கிளைபிரிகின்றன. தந்தையின் முயற்சியை நினைவில் கொண்டோர் அவர் பக்கம் நிற்கின்றனர். சிறுவனின் செவியோடு தம் செவியை ஒன்றாக்கிக்கொண்டோர், அவன் வளர்ந்து செய்யும் குற்றங்களுக்கும் காரணம் கற்பிக்கின்றனர். இருசாராரும் கடமை உயர்ந்தது என்பதை மறுப்பதில்லை. எனவே இவர்களிடம் ‘கடமையா, பாசமா’ என வினவும் வினாப்பட்டியல் எதனையும் அளக்காது. எந்தக் காட்சியில் முதலில் கண் கலங்கியது என்று கேட்பது அதனினும் பயன்தரும்.

நடிகர்தம் புகழும் இங்குச் சமனாக இருந்தது. சினம் கொண்ட இளைஞனாக அமிதாப் பச்சனை ஏற்றுப் பழகியிருந்த 1982ஆம் ஆண்டுப் பார்வையாளர், அவரைக் குற்றவாளி என ஒதுக்கிவிடும் மனநிலையில் இல்லை. ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருதுக்கு இருவர் பெயரும் பரிந்துரைக்கப்பட்டன. விருது திலீப் குமாருக்குச் சென்றது. யாருடைய நடிப்பு மேலானது என்னும் பேச்சு இன்றும் ஓயவில்லை. அப்பேச்சைக் கூர்ந்து கேட்டால், நடிப்பின் பெயரால் நடப்பது பெரும்பாலும் தந்தை–மகன் வழக்கே என்பது புலப்படும். (‘தங்கப்பதக்க’த்திற்கு ஓராண்டு முன்பு வந்த ‘கௌரவ’த்தில் வளர்த்தவரையும் வளர்ந்தவனையும் சிவாஜியே ஏற்று நடித்ததால், அங்கு இவ்வழக்கு நடிகர் போட்டியாக மாற வழியில்லை.)

இரு ஊற்றுகளும் ஒரே சட்டகத்தில் சந்திக்கும் காட்சி ஒன்று ‘சக்தி’யில் உண்டு. தாய் சுட்டுக் கொல்லப்பட்டபின், காவலில் இருக்கும் விஜய் அஞ்சலி செலுத்த அழைத்துவரப்படுகிறான். உடலருகே தரையில் அமர்ந்திருக்கும் தந்தையின் பக்கத்தில் சென்று அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொள்கிறான். உரையாடல் இல்லை. இருவர்க்கும் இழவு பொதுவாகும்போது மகனின் இளிவு சிறிது நேரம் அடங்கிவிடுகிறது. தந்தையின் பக்கம் நின்றோரும் மகனின் பக்கம் நின்றோரும் இப்படத்தின் சிறந்த காட்சியாக ஒருமித்துச் சுட்டுவது இதனையே என்பதில் வியப்பில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படும் இடம் அது.

கருத்துரைப்போர் அரிதாகவே குறிப்பிடும் ஒன்று படத்தின் சட்டகக் கதை. முதியவரான அஷ்வினி குமார் பேரன் ரவியை ரயில் நிலையத்தில் வரவேற்கிறார். அவனது எதிர்காலம் பற்றிய பேச்சு காவல் பணியில் வந்து நிற்க, தம் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். ஆகவே முழுப்படமும் தந்தையின் கூற்று. தொலைபேசியருகே சிறுவன் நின்ற காட்சியில் அவர் உடனிருக்கவில்லை. எனினும் அதனை மகனின் பக்கம் நின்று சொல்பவர் அவரே. கேட்டு முடித்த ரவி காவல் பணியையே தேர்ந்துகொள்கிறான். கதைக்குள் இருக்கும் அந்த ஒரே கேட்போன் எந்தக் காட்சியைக் கேட்டு அம்முடிவிற்கு வந்தான் என்பதைப் படம் சொல்லவில்லை.