உப்பும் நீரும் அளவும்: மின்பகுபொருட் கரைசல்களின் செறிவலகுகள் பற்றிய ஒரு விளக்கம்

மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் இருவகை அளவீட்டுக்கு உட்படுகின்றனர். அவர்கள் பறித்த கொழுந்து தராசில் நிறுக்கப்படுகின்றது. அவர்களோ செக்றோலில் எண்ணப்படுகின்றனர். முன்னையதற்கு ஒரு காலத்தில் றாத்தலும் இன்று கிலோவும் அலகாகும். பின்னையதற்குப் ‘பேர்’, ‘அரைப் பேர்’ என்பன வழக்காறுகளாகும். மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் மொத்த நிறையை மாத்திரம் கொண்டு அன்று மலையில் நின்றோர் எத்தனை பேர் எனக் கூறிவிட முடியாது. அதற்கு ஒருவர் சராசரி எவ்வளவு பறித்தார் என்பது தெரிந்திருத்தல் வேண்டும். நிறைக்கணக்கும் தலைக்கணக்கும் வெவ்வேறு என்பதும், ஒன்றினை மற்றொன்றாக மாற்றுதற்கு இடைநிலை எண் ஒன்று வேண்டும் என்பதும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியல்ல.

மருந்தாக்கவியலில் மாணவர்க்குப் பெரிதும் இடர்ப்பாடு விளைக்கும் செறிவலகு மாற்றம் இதே அடிப்படையில் அமைந்ததாகும். இலக்கிய மாணவன் ஒருவன் இப்பொருள் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், அறிவியல் ஒரு மக்கட் கூட்டத்தின் உடைமையாவது அதன் கணக்குகள் அம்மக்களின் மொழியில் விளங்கும்போதே. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் கணக்கோ, லயத்துக் குழந்தையொன்றின் உயிருடன் தொடர்புடையது.

1

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவது பொருத்தமாகும். 1832ஆம் ஆண்டில் தோமஸ் லற்றா என்னும் மருத்துவர் ஸ்கொத்லாந்தின் லீத் நகரில் வாந்திபேதி நோயாளரின் நாளங்களில் உப்புக் கரைசலைச் செலுத்தி, நோயாளர் இறப்பது நீரும் உப்பும் இழக்கப்படுவதனாலேயே என்பதைச் செயலிற் காட்டினார். அதனையடுத்த தசாப்தங்களிலே தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களை நோக்கி வடபாதை வழியே கால்நடையாக வந்த தொழிலாளருட் பலர் அதே நோயினால் வழியிலேயே மாண்டனர். அறிவு தோன்றிவிட்டது, ஆனால் அது அவர்களுக்காகத் தோன்றவில்லை. அறிவின் இருப்பும் அதன் பங்கீடும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1960ஆம் ஆண்டு றொபேட் கிறேன், சிறுகுடலிலே குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உறிஞ்சப்படுகின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். 1971இல், வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் திலீப் மகாலனபிஸ் என்னும் மருத்துவர், நாளவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதத்தளவில் இருந்த மரணம் நான்கு சதவீதத்துக்கும் கீழாகக் குறைந்தது. இதன் வழிவந்த பொட்டலமே இலங்கையில் ‘ஜீவனி’ என்னும் பெயரால் வீடுதோறும் அறியப்பட்டதாகும்.

2

இன்று உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் கரைசலின் ஒரு லீற்றரில் பின்வருவன அடங்கும்: சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், இருநீரேற்றிய முச்சோடியம் சித்திரேற்று 2.9 கிராம், நீரற்ற குளுக்கோசு 13.5 கிராம். இது நிறைக்கணக்கு, மருந்தாளருக்குத் தராசில் நிறுக்க உதவுவது. ஆயின் குடலுக்குத் தராசு இல்லை. அது துணிக்கைகளின் எண்ணிக்கையையே அறியும். ஆகவே கிராமை மூலாக மாற்றுதல் வேண்டும்.

விதி எளிது. ஒரு லீற்றரிலுள்ள கிராம் அளவை அப்பொருளின் மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் பெறப்படும். அதனை ஆயிரத்தாற் பெருக்க மில்லிமூல் பெறப்படும். சோடியம் குளோரைட்டின் மூலர்த் திணிவு 58.44 ஆகும். 2.6ஐ 58.44ஆல் வகுத்து ஆயிரத்தாற் பெருக்க 44.5 மில்லிமூல் வரும். பொற்றாசியம் குளோரைட்டுக்கு (74.55) 20.1, சித்திரேற்றுக்கு (294.1) 9.9, குளுக்கோசுக்கு (180.16) 74.9.

அடுத்து, உப்புகள் நீரிற் கரைகையில் அயன்களாகப் பிரிகின்றன என்பதை மனங்கொள்ளல் வேண்டும். சித்திரேற்றின் ஒவ்வொரு மூலும் மூன்று மூல் சோடியத்தை விடுவிக்கும். எனவே மொத்தச் சோடியம் 44.5உம் 29.6உம் சேர்ந்து 74.1 ஆகும், முழுமையாக்கி 75 என்பர். குளோரைட்டு இரு உப்புகளிலிருந்தும் வருவதால் 64.6, அதாவது 65. பொற்றாசியம் 20, சித்திரேற்று 10, குளுக்கோசு 75.

இப்பொழுது கிராமில் மறைந்திருந்த உண்மை வெளிப்படுகின்றது. 75 மில்லிமூல் சோடியத்தின் நிறை 1.7 கிராமளவே; குளுக்கோசோ 13.5 கிராம். நிறையால் நோக்கின் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை. மூலால் நோக்கின் இரண்டும் சமம். குளுக்கோசு சோடியத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்னும் விதி, கிறேன் கண்ட இணைந்த உறிஞ்சலின் விளைவாகும். தராசு காட்டாத உறவைத் தலைக்கணக்கு காட்டுகின்றது.

சதவீதத்தில் எழுதப்பட்ட கரைசல்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘0.9 சதவீதச் சேலைன்’ என்பது 100 மில்லிலீற்றரில் 0.9 கிராம், அதாவது லீற்றருக்கு 9 கிராம். மூலில் 154 மில்லிமூல் சோடியமும் அதேயளவு குளோரைட்டுமாகும். ஆனால் ஒரு சதவீதச் சோடியம் குளோரைட்டு 171 மில்லிமூல் தர, ஒரு சதவீதப் பொற்றாசியம் குளோரைட்டு 134 மில்லிமூலே தரும். சதவீதம் சமமாயினும் அயன்கள் சமமல்ல. அவ்வாறே பளிங்கிலுள்ள நீரையும் மறத்தலாகாது. ஒருநீரேற்றிய குளுக்கோசைப் பயன்படுத்தின் 13.5 கிராம் போதாது. அதே 75 மில்லிமூலுக்கு ஏறத்தாழ 14.9 கிராம் வேண்டும்.

3

மூன்றாவது அலகு மில்லிசமவலு. இது மின்னேற்றத்தின் கணக்கு. மில்லிமூலை அயனின் வலுவளவாற் பெருக்க இது பெறப்படும். சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு ஆகியவற்றுக்கு வலுவளவு ஒன்றாதலின் இரு அலகுகளும் ஒன்றே. சித்திரேற்றுக்கு வலுவளவு மூன்று; எனவே 10 மில்லிமூல் 30 மில்லிசமவலுவாகும்.

இவ்வலகின் பெரும்பயன் கணக்கைச் சரிபார்த்தலாகும். எந்தக் கரைசலிலும் நேரேற்றமும் மறையேற்றமும் சமமாதல் வேண்டும். ஜீவனியில் நேரேற்றம்: 75உம் 20உம், மொத்தம் 95. மறையேற்றம்: 65உம் 30உம், மொத்தம் 95. சித்திரேற்றை 10 என்றே கொண்டிருப்பின் கணக்கு 20 குறைந்து பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஹாட்மன் கரைசலிலும் இதனைக் காணலாம்: சோடியம் 131, பொற்றாசியம் 5, கல்சியம் 2 மில்லிமூல், குளோரைட்டு 111, இலற்றேற்று 29. கல்சியத்தின் வலுவளவு இரண்டாதலின் அதனை 4 எனக் கொள்ளவே இருபுறமும் 140 ஆகின்றன. மில்லிசமவலுவில் எழுதப்பட்ட கல்சிய அளவை மில்லிமூலென வாசிப்பவர் நோயாளிக்கு இருமடங்கு கொடுத்துவிடுவர். அலகின் பெயரை எழுதாது எண்ணை மாத்திரம் எழுதுவதன் கேடு இது.

நான்காவது அலகு மில்லிஒஸ்மோல். இதற்கு ஏற்றமும் வலுவளவும் பொருட்டல்ல; கரைந்துள்ள துணிக்கைகள் யாவும் ஒவ்வொன்றாக எண்ணப்படும். 75, 20, 65, 10, 75 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 245. குருதித் திரவவிழையத்தின் பெறுமானமோ ஏறத்தாழ 285 தொடக்கம் 295 வரையாகும். கரைசல் குருதியிலும் ஐதாயிருப்பதால் நீர் குடலிலிருந்து உடலினுள் செல்கின்றது. 1975இல் விதந்துரைக்கப்பட்ட பழைய கரைசலில் சோடியம் 90, மொத்தம் 331. அது பல்லாயிரம் உயிர்களைக் காத்ததாயினும், ஐதான கரைசல் கொடுத்த பிள்ளைகளுக்கு வாந்தியும் நாளவழித் திரவத்தின் தேவையும் குறைந்தமை ஆய்வுகளிற் புலனாயிற்று. அதனாலேயே 2002ஆம் ஆண்டளவில் புதிய அளவு விதந்துரைக்கப்பட்டது.

4

இக்கணக்குகள் யாவும் ‘ஒரு லீற்றர்’ என்னும் சொல்லின் மேல் நிற்கின்றன. ஆனால் லயத்தில் லீற்றர்ப் பாத்திரம் இருந்ததா? இக்கட்டுரையாளர் சிறுபராயத்தைக் கழித்த தோட்டத்தில், பீலியில் நீர் பிடித்துக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஜீவனி கரைத்த தாய்மார் நீரை அளந்தது போத்தலினால். மண்ணெண்ணெய் வாங்கியதும் அதனாலேயே. இலங்கை வழக்கில் போத்தல் என்பது 750 மில்லிலீற்றர்.

லீற்றருக்குரிய பொட்டலம் போத்தலில் கரைக்கப்படின் ஒவ்வொரு செறிவையும் 0.75ஆல் வகுத்தல் வேண்டும். சோடியம் 100 மில்லிமூலாகும்; மொத்தம் ஏறத்தாழ 327 மில்லிஒஸ்மோலாகும். குருதியிலும் ஐதாயிருந்த கரைசல் குருதியிலும் செறிந்ததாக மாறிவிடுகின்றது. பழைய பொட்டலமாயின் சோடியம் 120, மொத்தம் 441. நீரைக் கொடுக்க வேண்டிய மருந்து நீரை இழுக்கத் தொடங்கும். குழந்தையின் குருதியிற் சோடியம் மிகும் ஆபத்தும் உண்டு. மறுபுறம், பொட்டலம் நீண்ட நாள் வரவேண்டும் என எண்ணி ஒன்றரை லீற்றரிற் கரைப்பின் சோடியம் 50 ஆகக் குறைந்து, இழந்த உப்பு ஈடுசெய்யப்படாது போகும்.

இங்கு தவறு தாயினுடையதன்று. லீற்றர் தெரியாதவள் என அவளைப் பழிப்பது எளிது. ஆனால் றாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறியபோது தன் கொழுந்தின் கணக்கை அவள் தவறவிடவில்லை. அறிவுறுத்தலை எழுதியவர் அவள் வீட்டுப் பாத்திரத்தை அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. மாற்றுவிதி அவளுடைய அலகிலேயே கூறப்படலாம்: ஒரு லீற்றர்ப் பொட்டலத்துக்கு ஒரு போத்தலும் அதன் மூன்றிலொரு பங்கும் நீர். போத்தலை மூன்று சம பங்காக்கி ஒரு கோடு இட்டுவிட்டால் வாசிக்கத் தெரியாதவரும் தவறார். பிள்ளை மடுவத்தில் பல பிள்ளைகளுக்குக் கரைக்கும்போது நான்கு போத்தலுக்கு மூன்று பொட்டலம் எனக் கணக்கு முழுமையாகும். லீற்றரிலும் குறைந்த அளவுக்குரிய பொட்டலங்களும் உளவாதலின் உறையிலுள்ள அளவை முதலில் நோக்குதல் அவசியம். கரைத்த நீரை இருபத்துநான்கு மணித்தியாலத்தின் பின் வைத்திருத்தலாகாது.

5

1971ஆம் ஆண்டில் பேராசிரியர் சேனக பிபிலேயும் மருத்துவரும் பொதுவுடைமைக் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கை, மருந்து இறக்குமதியை ஒருமுகப்படுத்துதல், வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் இயற்பெயரை வழங்குதல் ஆகியவற்றை வலியுறுத்தியது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிபிலேயின் தலைமையில் உருவாயிற்று. பேராதனையில் மருத்துவபீடாதிபதியாக விளங்கிய பிபிலே, மருந்தின் பெயரும் விலையும் மக்கள் அறியக்கூடியனவாய் இருத்தல் வேண்டும் எனக் கண்டவர். பெயருக்கும் விலைக்கும் பொருந்துவது அளவுக்கும் பொருந்தும்.

நிறை, எண்ணிக்கை, ஏற்றம், துணிக்கை ஆகிய நான்கும் ஒரே கரைசலை நான்கு கேள்விகளால் நோக்குவன. மருந்தாளர் நிறையையும், உடலியலாளர் மூலையும், கணக்கைச் சரிபார்ப்பவர் சமவலுவையும், நீரோட்டத்தை அறிய விழைபவர் ஒஸ்மோலையும் வினவுகின்றனர். ஐந்தாவது கேள்வியொன்று உண்டு: நீரை அளக்கும் பாத்திரம் எது? பாடநூல்கள் அதனைக் கேட்பதில்லை. ஆயின் ஏனைய நான்கு கணக்குகளும் பலிப்பதும் பொய்ப்பதும் அதற்குரிய விடையிலேயே தங்கியுள்ளன. எமது பல்கலைக்கழகங்களில் மருந்தாக்கவியல் பயிலும் மலையக மாணவர் இவ்வைந்தாவது மாற்றத்தையும் தம் பாடத்தின் பகுதியாகக் கொள்வாராயின், கற்ற கணக்கு பிறந்த லயத்தைச் சென்றடையும்.