'சேர வேண்டாம்' என்று வந்த மெசேஜ்... துவண்டு போன பிள்ளையை என்ன செய்வது?

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், சிவகாசியில் இருந்து அக்கா போன் செய்தாள். "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலடி. கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்கான். நீ கொஞ்சம் பேசிப் பாரேன்."

அவள் மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். வயது 18. படிக்கும்போதே நடந்த முகாமில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தான். மெயிலில் கடிதம் வந்தது. சேரும் தேதி வந்தது. மெடிக்கல் சர்டிபிகேட் எடுத்தார்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டார்கள். புது ஷூ, பக்கெட், பாய் எல்லாம் வாங்கியாயிற்று. சாயங்காலங்களில் வேலை பார்த்த டூவீலர் ஒர்க் ஷாப்பிலும் சொல்லிவிட்டு நின்றுவிட்டான். தெருவில் பாதி வீடுகளுக்கு அக்கா லட்டு கொடுத்திருந்தாள்.

ரயிலுக்கு நான்கு நாள் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் இரண்டே வரி. உற்பத்தி குறைந்திருப்பதால் சேர்க்கை நிறுத்தி வைக்கப்படுகிறது, மன்னிக்கவும். அவ்வளவுதான். அந்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் எடுக்கவில்லை.

இந்தக் கதை என் அக்கா வீட்டோடு முடிவதில்லை. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் ஆர்டரைப் பொறுத்தது என்பது தொழிற்சாலைகளுக்குச் சாதாரண விஷயம். 18 வயதுப் பிள்ளைக்கு அது வாழ்க்கையில் முதன்முதலாக யாரோ 'உன்னை எடுத்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டுக் கையை விட்ட சம்பவம்.

அன்றைக்கு நாங்கள் செய்த தப்புகள்

முதல் தப்பு அத்தான் கேட்ட கேள்வி. "நீ என்னடா பண்ணினே? இன்டர்வியூல ஏதாவது ஏறுக்குமாறா பேசினியா?" கோபத்தில் கேட்கவில்லை, பதற்றத்தில் கேட்டதுதான். ஆனால், மெசேஜ் கொடுத்த வலியைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது என்று மூன்று வாரம் கழித்து அவன் என்னிடம் சொன்னான். ஏற்கெனவே தன்மேல்தான் குறை என்று உள்ளே ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, வீடும் அதே பக்கம் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது தப்பு என்னுடையது. அக்காவின் போனை வைத்த பத்தாவது நிமிடத்தில் மூன்று வேலை விளம்பரங்களைத் தேடி அவனுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அன்றைக்கு அவனுக்கு வேலை தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் வருத்தப்பட அனுமதி தேவைப்பட்டது. நான் அவசரப்பட்டு அதைக்கூடப் பிடுங்கிக்கொண்டேன்.

அக்காதான் சரியாகச் செய்தாள், அவளுக்கே தெரியாமல். தட்டில் சோறு போட்டு அறைக்குள்ளேயே வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாளாம். அரை மணி நேரம் கழித்து, "ஒர்க் ஷாப்புல என் இடத்துல வேற பையனைப் போட்டுட்டாங்கம்மா" என்று அவனாகவே வாயைத் திறந்திருக்கிறான். கம்பெனியைப் பற்றி அல்ல, ஒர்க் ஷாப்பைப் பற்றி! நாம் எதற்கு வருத்தப்படுகிறான் என்று நினைக்கிறோமோ, பல நேரங்களில் பிள்ளை அதற்கு வருத்தப்படுவதில்லை. இருந்ததையும் விட்டுவிட்டோமே என்பதுதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது.

முதல் இரண்டு, மூன்று நாட்களுக்கு இது போதும். சாப்பாடு, தூக்கம், கேட்க ஒரு காது. 'எல்லாம் நல்லதுக்குத்தான்', 'இதைவிடப் பெருசா கிடைக்கும்' என்பதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான் என்ற செய்தியைச் சொல்லாமலே விட்டுவிடலாம்.

நிலைமையை மாற்றியது அத்தான்தான். நான்காம் நாள், டி.வி.எஸ். வண்டியில் அவனை டீக்கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ஒரு அச்சாபீஸில் காலண்டர் சீசனுக்கு எடுத்து, பொங்கல் முடிந்ததும் நிறுத்திவிட்டதையும், வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு வாரம் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டு வந்ததையும் சொன்னாராம். அக்காவுக்கே அது புதுச் செய்தி. அப்பாவுக்கும் இப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வதில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் தெம்பு வேறு எதிலும் இல்லை. கூடவே, "அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றும் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு அப்பாக்கள் இந்த வாக்கியத்தைச் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

'எப்போ கிளம்புறே?'

இதைக் கேட்காத உறவினர் இல்லை. லட்டு சாப்பிட்ட அத்தனை பேரும் கேட்பார்கள். பிள்ளை வெளியே தலைகாட்டாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கேள்விதான். 'தேதி தள்ளிப் போயிருக்கு' என்று பெற்றோர் பொய் சொல்லி வைப்பது இன்னும் மோசம். அந்தப் பொய்யை அவனும் தினமும் காப்பாற்ற வேண்டிவரும்.

யாரிடம் என்ன சொல்வது என்பதை அவனிடமே கேளுங்கள். எங்கள் வீட்டில் அவன் தேர்ந்தெடுத்த வரி இது: "கம்பெனியில ஆர்டர் கம்மியாம், ஆள் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. வேற பார்த்துக்கிட்டிருக்கேன்." உண்மை, சுருக்கம், மேற்கொண்டு கேள்விக்கு இடமில்லை. வீட்டில் எல்லாரும் அதையே சொன்னோம். தெருவில் அந்தப் பேச்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கடிதம் வேறு, ஒப்பந்தம் வேறு

மனசு கொஞ்சம் ஆறிய பிறகு காகிதங்களை எடுத்து உட்காரலாம். இந்த இடத்தில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அப்ரண்டிஸ் பயிற்சி 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் நடக்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், தங்கள் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பயிற்சியாளர்களை எடுக்க வேண்டும் என்பது விதி. பயிற்சி தொடங்குவதற்கு நிறுவனமும் பயிற்சியாளரும் ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து. இது அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளம் வழியாகப் பதிவாகும். மெயிலில் வரும் தேர்வுக் கடிதம் இந்த ஒப்பந்தம் அல்ல.

வித்தியாசம் பெரியது. ஒப்பந்தம் பதிவாகிவிட்ட பிறகு நிறுவனம் தன் பக்கத்து நிபந்தனைகளை நிறைவேற்றாமல் அது முறிந்தால், இழப்பீட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தகராறு என்றால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் போகலாம். வெறும் கடிதத்தோடு நின்றிருந்தால் அந்தப் பிடிமானம் கிடையாது. எங்கள் பையன் விஷயத்தில் கடிதம்தான் இருந்தது. கோர்ட்டு, கேஸ் என்று அத்தான் கொஞ்ச நாள் பேசிக்கொண்டிருந்தார், பிறகு விட்டுவிட்டார். விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன்.

ஆனாலும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் இணையதளக் கணக்கைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதை ரத்து செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு இடத்தில் சேரும்போது முட்டுக்கட்டையாகும். அசல் மதிப்பெண் சான்றிதழ், டி.சி. எதையாவது வாங்கி வைத்திருந்தால் உடனே திரும்பக் கேளுங்கள். காரணத்தை மெயிலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம், அடுத்த சேர்க்கையில் பெயரைப் பரிசீலிக்க முடியுமா என்றும் கேட்கலாம். ஐ.டி.ஐ. முதல்வர், பயிற்சி அலுவலர் ஆகியோருக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அதே முகாமில் தேர்வான மற்ற பிள்ளைகளுக்கும் இதே மெசேஜ் வந்திருக்கலாம். எங்கள் பையனோடு இன்னும் மூன்று பேருக்கு வந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டபோதுதான் 'என் இன்டர்வியூதான் சரியில்லை' என்ற பேச்சை அவன் நிறுத்தினான்.

இந்தப் போன்களையும் மெயில்களையும் பிள்ளையே செய்யட்டும். என்ன பேச வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். அப்பா பேசினால் வேலை சீக்கிரம் முடியும், வாஸ்தவம்தான். ஆனால், யாரோ தன்னை ஒரு முறை தள்ளி வைத்துவிட்டார்கள் என்று உட்கார்ந்திருப்பவனை வீடும் இன்னொரு முறை தள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏமாந்த வீட்டைத் தேடித்தான் அடுத்த ஏமாற்றுக்காரர் வருவார். 'அதே கம்பெனியில் உள்ளே ஆள் இருக்கு, டெபாசிட் கட்டினால் சேர்த்துவிடலாம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அப்ரண்டிஸ் பயிற்சியில் சேர நிறுவனத்துக்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. உதவித்தொகையாக அவர்கள்தான் பிள்ளைக்குத் தர வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் சொல்லலாம்.

அடுத்த கதவு

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அப்ரண்டிஸ் சேர்க்கை முகாம்கள் எங்கே, எப்போது என்பதை அங்கே விசாரிக்கலாம். பெரும்பாலும் அரசு ஐ.டி.ஐ. வளாகங்களிலேயே நடக்கும். டிப்ளமோ முடித்தவர் என்றால் வழி வேறு. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியமும் நாட்ஸ் இணையதளமும் அவர்களுக்கானவை.

பொதுத்துறைப் பக்கமும் பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வேயின் பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகள், திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. எல்லாம் பயிற்சியாளர்களை எடுப்பவை. ரயில்வேயில் எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் வரிசைதான். ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 பணிகளில் 20 சதவிகித இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் முடியும்.

இடையில் காசுக்காக வேறு வேலைக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம் என்பது என் கட்சி. லேத் பட்டறையோ ஒர்க் ஷாப்போ, கை தொழிலில் இருந்தால் நல்லது. வீட்டில் சும்மா உட்கார்ந்து போனைத் தேய்ப்பதைவிட உடம்புக்கும் நல்லது. ஒரே கவலை, மாதம் 15,000 பார்த்துப் பழகியவனுக்கு 7,000 ரூபாய் உதவித்தொகை கசக்கும். பயிற்சி அப்படியே கைவிட்டுப் போகும். பயிற்சியும் தேர்வும் முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் பின்னால் பல விண்ணப்பங்களில் கை கொடுக்கும். அதனால் 'பங்குனி வரை இது' என்கிற மாதிரி ஒரு கெடுவை ஆரம்பத்திலேயே பேசி வையுங்கள்.

இதைக் கவனியுங்கள்

கோபமும் மௌனமும் கொஞ்ச நாள் இருக்கும். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நண்பர்களைப் பார்ப்பதில்லை, 'நான் உங்களுக்குப் பாரம்' என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். பாரம், செத்துப் போகலாம் என்ற வார்த்தைகள் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே அருகில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் நீங்கள் பேசி ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் பையன் அந்த ஒர்க் ஷாப்புக்கே திரும்பிப் போய்க் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரச் சொன்னார்கள், போனான். மற்ற நாட்களில் மாமா ஒருவரின் லேத் பட்டறை. இரண்டு முகாம்களுக்குப் போனான், முதலாவதில் எடுக்கவில்லை. மாசி மாதம் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு எனக்கு போன்.

"சித்தி, மதுரையில ஒரு கம்பெனி. லெட்டர் வந்து பன்னிரண்டு நாள் ஆச்சு. அம்மாகிட்டகூடச் சொல்லல."

"ஏன்டா?"

"இன்னிக்குத்தான் ஒப்பந்த நம்பர் வந்துச்சு. இப்போ லட்டு வாங்கச் சொல்லலாம்ல?"