தைத்த உணவுக்குழாய் சுருங்கும்போது

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உணவுக்குழாய் இடையில் தொடர்பற்று இருக்கும். பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதி மூச்சுக்குழாயுடன் இணைந்திருக்கும். 1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேமரன் ஹெய்ட் என்னும் அறுவை மருத்துவர் இரு முனைகளையும் ஒரே அறுவையில் இணைத்து வெற்றி கண்டார். அதற்கு முன் இக்குழந்தைகள் பிழைப்பது மிக அரிது. இன்று பெரும்பாலோர் நலமாக வளர்கின்றனர். ஆயினும் தைத்த இடத்தைச் சில காலம் கண்காணித்தே ஆக வேண்டும்.

குடலுக்கு உள்ளது போன்ற உறுதியான வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லை. முனைகளுக்கிடையே இடைவெளி மிகுந்திருந்தால் அவற்றை இழுத்துத் தைக்க நேரும். ஆகவே முதல் சில நாள்களில் தையல் வழியே கசிவு ஏற்படலாம். சிறு கசிவுகள் பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடும். அதுவரை வாய்வழிப் பால் கூடாது. பசித்து அழும் பிள்ளைக்குப் பால் தர மறுக்கிறார்களே என்று தாய்மார் மனம் வருந்துவதுண்டு. அந்தக் காத்திருப்பும் சிகிச்சையே.

மிகுதியாகக் காணப்படும் சிக்கல் வீடு திரும்பிய பின்னரே வருகிறது. புண் ஆறி வடுவாகும்போது இணைப்பு சுருங்குகிறது. இரைப்பை அமிலம் மேலேறி வந்தால் சுருக்கம் மேலும் இறுகும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. சுருக்கத்தை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், ஊட்டுபவரே. பால் குடிக்க முன்னைவிட நேரமாகும், எச்சில் வழியும், குடித்தது உடனே வெளிவரும், எடை ஏறாது. திட உணவு தொடங்கும் மாதங்களில், அதுவரை தெரியாத சுருக்கமும் வெளிப்படலாம். மயக்க மருந்து கொடுத்துப் பலூன் கொண்டு அவ்விடத்தை விரிக்கலாம். பலமுறை விரிக்க நேர்வது இயல்பு; அதனால் அறுவை தோற்றுவிட்டது எனக் கருத வேண்டாம்.

உணவு சிக்கினால் தொக்கம் எடுக்க அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. இக்குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. வாய்க்குள் விரல் விட்டுத் துழாவுவதும் ஆபத்தே. மருத்துவமனைக்கே வாருங்கள்.

மூச்சுக்குழாயின் சுவர் மென்மையாக இருப்பதால் இக்குழந்தைகளுக்குக் கரகரத்த உரத்த இருமல் சில ஆண்டுகள் நீடிக்கலாம். அதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஊட்டும் ஒவ்வொரு முறையும் இருமல் வந்தாலோ, சளிக்காய்ச்சல் அடிக்கடி திரும்பினாலோ, மூச்சுக்குழாயுடனான பழைய இணைப்பு மீண்டும் திறந்திருக்கக்கூடும். தாமதமின்றிப் பரிசோதிக்க வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ மூச்சு திணறினாலோ அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள்; அறுவை விவரம் எழுதிய சீட்டை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.