வானில் ஒரு கண் – 9: இலையின் அடிப்பக்கம்

சென்ற வாரம் பார்த்த கோதுமை வயல் முழுக்க ஒரே பச்சை. எங்கே வெளிறினாலும் மேலிருந்து தெரிந்துவிடும். திராட்சைத் தோட்டம் அவ்வளவு எளிதில் பிடிகொடுக்காது.

1882 அக்டோபர். பிரான்சின் போர்தோவுக்கு அருகே, மெதோக் பகுதியில் சாலையோரமாக வந்துகொண்டிருந்தார் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே. அமெரிக்காவிலிருந்து வந்துசேர்ந்த அடிச்சாம்பல் நோயால் தோட்டங்களில் இலைகள் கொட்டிக் கிடந்தன. சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை நின்றது. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க அவற்றின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். 1885-ல் அவர் அறிவித்த போர்டோக் கலவை பிறந்த கதை இது. நம் தோட்டக்காரர்களும் அதை அந்தப் பெயரிலேயே கலக்குகிறார்கள்.

மருந்து கிடைத்துவிட்டது. எப்போது அடிப்பது என்பதுதான் இன்னும் தீராத சிக்கல். பூஞ்சை என்று பழக்கத்தில் சொல்லும் இந்தக் கிருமி (வகைப்பாட்டில் பாசிகளுக்கு நெருக்கமானது) இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியே நுழைந்து, ஏறத்தாழ ஒரு வாரம் அடையாளமே காட்டாமல் பரவும். பிறகுதான் மேலே எண்ணெய்ப் புள்ளியும் அடியில் வெண்பஞ்சும். பஞ்சு கண்ணில் படும்போது வித்துகள் அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அதனால் விவசாயி பயந்து, மழைக்கு மழை முன்கூட்டியே அடிக்கிறார். மயில்துத்தத்தில் உள்ள தாமிரமோ மண்ணில் சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோதான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. இவ்வளவு அடித்தும் 2023 கோடையில் போர்தோவின் மெர்லோ ரகத் திராட்சைக் கொடிகள் இதே நோயால் கடுமையாக அடிபட்டன.

அந்த மறைவான ஒரு வாரத்தைப் பிடிக்கத்தான் தொலையுணர்வு முயல்கிறது. பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். இலைத் திசு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் நடுவே, 680 முதல் 750 நானோமீட்டர் வரை, எதிரொளி செங்குத்தாக ஏறுகிறது. இலை நலிந்தால் அந்த ஏற்றம் இடம் மாறும். நோய் பிடித்த இடத்தில் நீராவி வெளியேறுவதும் மாறுவதால் இலையின் வெப்பநிலை வேறுபடும். புள்ளி தோன்றுமுன்பே வெப்பக் கேமரா அதைப் பதிவு செய்ததுண்டு.

ஆனால் அது இலைக்கு அருகே வைத்த கேமரா. சென்டினல்-2 செயற்கைக்கோளின் மிக நுட்பமான படத்திலும் ஒரு படப்புள்ளி என்பது 10 மீட்டர் சதுரம். ஹெக்டேருக்கு 10,000 கொடிகள் நடும் மெதோக்கில் அதற்குள் 100 கொடிகள் அடங்கும். சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே நாம் தேடும் ஒளிப்பட்டைக்கு 20 மீட்டர் சதுரம், அதாவது 400 கொடிகள். கூடவே வரிசைக்கு நடுவே மண்ணும் புல்லும். இதில் நோயுற்ற நாலைந்து இலைகள் எங்கே தெரியும்? இன்னொரு தடை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இந்த நோய் மழையோடு வருவது. மழைநாளில் வானம் மேகத்தால் மூடியிருக்கும். மிகவும் தேவைப்படும் நாளில் செயற்கைக்கோளின் கண் கட்டப்பட்டுவிடுகிறது.

அடிச்சாம்பலை வானிலிருந்தே முன்கூட்டிக் கண்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடி எங்கே அடர்ந்து ஈரம் தேங்குகிறது, எங்கே நலிகிறது என்று காட்டி, முதலில் எந்த வரிசைக்குப் போகவேண்டும் என்று செயற்கைக்கோள் சொல்லும். அங்கே போய் இலையைப் பார்க்க டிரோனோ, டிராக்டரில் பொருத்திய கேமராவோ வேண்டும். அந்தக் கேமராவோடு வரிசைகளுக்குள் நுழைவது அடுத்த வாரம்.

(தொடரும்)